சென்னைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? அறை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்!

"டாக்டர், பசங்களுக்கு லீவு விட்டாச்சு. நாலு நாள் மெட்ராஸ் போய்ட்டு வரலாம்னு இருக்கோம். எந்த லாட்ஜ் நல்லா இருக்கும்?"

நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே இப்படிக் கேட்பவர்கள் உண்டு. சித்த மருத்துவரிடம் போய் லாட்ஜ் விசாரிப்பதா என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. பட்டணம் போய்வந்த குடும்பத்தில் மறுநாளே இரண்டு பேராவது மருந்துக்கு வந்து நிற்கிறார்கள். ஒருவருக்கு நீர்க்கடுப்பு. ஒருவருக்கு மலச்சிக்கல். குழந்தைக்குச் சளி, இரைப்பு. "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், "எங்கே தங்கினீங்க?" என்றுதான் நான் கேட்பது வழக்கம். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் ஊர் இடையஞ்சாவடி. பெயரிலேயே சாவடி இருக்கிறது. வழிப்போக்கர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, இளைப்பாறிப் போகும் இடத்துக்குத்தான் அந்தக் காலத்தில் சாவடி என்று பெயர். அங்கே கட்டிலும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. நிழல், நல்ல தண்ணீர், காற்று, பயமில்லாத தூக்கம், இவை இருந்தன. இன்று நாம் ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து எடுக்கும் அறையிலும் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். டி.வி. எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அப்புறம்!

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் ஆகிய பதினான்கும் உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள். இவற்றை வலிந்து அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் கண்டது.

தங்கும் அறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது! எந்த அறையில் உங்கள் குடும்பத்தார் யாரும், எந்த வேகத்தையும் அடக்க வேண்டி வரவில்லையோ, அதுவே கொடுத்த காசுக்கு நல்ல அறை. பாத்ரூம் அசிங்கமாக இருக்கிறதென்று சிறுநீரை அடக்குகிறோம். ஆறு பேருக்கு ஒரே கழிவறை என்பதால் மலத்தை அடக்குகிறோம். தண்ணீர் பிடிக்காமல் தாகத்தை அடக்குகிறோம். சத்தத்திலும் கொசுக்கடியிலும் தூக்கம் கெடுகிறது. இப்படி நான்கைந்து வேகங்களை இரண்டு நாள் அடக்கிவிட்டு, "வாடகை ரொம்ப மலிவு" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

எதற்குப் போகிறீர்கள்? எந்த வழியில் போகிறீர்கள்?

அறை தேடுவதற்கு முன் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். சென்னை ஒரே ஊர் அல்ல. பத்து ஊர் சேர்ந்தது.

நம் பக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் தாண்டிப் போகும் பஸ், திருவான்மியூர் பக்கமாக நகருக்குள் நுழைகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கோ போகிறவர்கள் அந்தப் பக்கமே இறங்கி, அந்தப் பக்கமே அறை எடுப்பது நல்லது. எழும்பூர் வரை போய்த் தங்கிவிட்டு, தினமும் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

திண்டிவனம் வழியாகப் போகும் அரசு பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அந்த நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பழைய நினைப்பில் "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலே ரூம்" என்று கோயம்பேட்டில் முன்பதிவு செய்துவிட்டு, கிளாம்பாக்கத்தில் இறங்கி விழிக்காதீர்கள். பஸ் எதுவரை போகும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ரயிலில் போவதானால், அந்த வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலைதான் முக்கியமான நோக்கமா? நகருக்குள் அறையே வேண்டாம். தாம்பரம் பக்கம் போதும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வருகிறவர்களுக்கும் அதே கணக்குத்தான். (வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளை ஏமாற்றாதீர்கள்!)

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, அருங்காட்சியகம், சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி, இவற்றுக்கு எழும்பூர் வசதி. கென்னட் லேன் பக்கம் எல்லா வாடகையிலும் லாட்ஜ்கள் உண்டு. மெட்ரோ ரயிலும் பக்கத்திலேயே. மெரினா, பார்த்தசாரதி கோயில் என்றால் திருவல்லிக்கேணி. ஆனால் அங்கே பழைய கட்டடங்கள் அதிகம், படி செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். தி. நகரில் துணி எடுக்கத்தான் போகிறோம் என்றால், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கேயே தங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வடபழனி, அசோக் நகர் பக்கம் மெட்ரோ நிலையத்துக்கு அருகே தங்கிவிட்டு, நெரிசல் ஏறுமுன் காலையிலேயே கடைக்குப் போய்த் திரும்பலாம்.

தாய்மார்கள் தண்ணீர் குடிப்பதில்லை!

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். கொஞ்சம் கூர்ந்து படியுங்கள்.

ஊரில் பஸ் ஏறும்போதே நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்ற பயம். மூன்று நான்கு மணி நேரம் அப்படியே போகிறது. லாட்ஜுக்குப் போனால், வராந்தாக் கோடியில் எல்லாருக்கும் பொதுவான பாத்ரூம். தாழ்ப்பாள் சரியில்லை. தரையெல்லாம் ஈரம். உடனே அங்கேயும் தண்ணீர் குறைப்பு தொடர்கிறது.

இந்தப் பக்கத்துப் பெண்மணி ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், சர்க்கரை நோய் உண்டு. மாமியாரின் சிகிச்சைக்காகச் சென்னையில் மூன்று நாள் தங்கினார். உள்ளேயே பாத்ரூம் இருந்த அறைக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கூடுதல் என்பதால், பொதுக் கழிவறை உள்ள அறையைப் பிடித்தார்கள். மூன்று நாளும் அவர் குடித்த தண்ணீர் மிகக் கொஞ்சம். ஊர் திரும்பியபோது சிறுநீர் எரிச்சல், இடுப்பில் வலி, குளிர்காய்ச்சல். நான் கஷாயம் கொடுத்து வைத்துக்கொள்ளவில்லை. குளிர்காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தால், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு வந்தால், கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஊசி மருந்துக்கும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஐந்து நாள் படுக்கை. மிச்சம் பிடித்தது 1,200 ரூபாய். செலவானது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குச் சிறுநீர்ப் புறவழி குட்டையானது. அதனால் கிருமி எளிதில் மேலே ஏறும். தண்ணீர் குடித்து, அவ்வப்போது சிறுநீர் கழிப்பதே கிருமியை வெளியே தள்ளும் இயற்கையான வழி. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், மாதவிலக்கு நாளில் உள்ள பெண்கள் ஆகியோர் வந்தால், உள்ளேயே கழிவறை உள்ள அறைதான். இதில் பேரம் வேண்டாம். வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கும் தண்ணீர் எப்படி என்றும் கேளுங்கள். கொதிக்க வைத்த தண்ணீர் தருவார்களா? கேன் தண்ணீர் என்றால் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா? வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கும் கொஞ்சம் சீரகமும் எடுத்துப் போனால், வெந்நீர் வாங்கிச் சீரகத் தண்ணீர் தயார் செய்துகொள்ளலாம். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வயிற்றுக்கு இதம்.

ஆறு பேர், ஒரு கழிவறை

"பெரிய ரூம் ஒண்ணு எடுத்தா எல்லாரும் ஒண்ணா இருக்கலாமே?" சந்தோஷம்தான். காலையில் என்ன ஆகும்? ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் ஆறு பேருக்கு இரண்டு மணி நேரம். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் என்றால் யாரோ இருவர் மலத்தை அடக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் அது பாட்டியும் அம்மாவும்!

மலத்தை அடக்கினால் தலைவலி, வயிற்று உப்புசம், பசியின்மை என்று வரிசையாக வரும். மூலம் உள்ளவருக்குக் கேட்கவே வேண்டாம். நான்கு பேருக்கு மேல் போனால் இரண்டு கழிவறை கணக்கில் அறை எடுங்கள். முழங்கால் தேய்ந்த பெரியவருக்கு மேற்கத்திய கழிவறை வேண்டும். பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்றும் பாருங்கள். வெளியூரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது ஆறு மாதக் கஷ்டம்.

தூக்கமும் மூச்சும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பார்த்த அறை என்றால் இரவெல்லாம் லாரி, பஸ் சத்தம். "பின்பக்க ரூம் கொடுங்க" என்று கேளுங்கள். ஆனால் அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் புகை ஜன்னல் வழியாக உள்ளே வருவது சத்தத்தைவிடக் கெடுதல்.

கதவைத் திறந்தவுடன் மூக்கைக் கேளுங்கள். பூஞ்சை வாடை அடிக்கிறதா? சுவரில் ஈரத் திட்டு இருக்கிறதா? ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக அடித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இரைப்பு உள்ள குழந்தைக்கு அந்த அறை ஆகாது. ஜன்னல் திறக்குமா? கொசுவலை அடித்திருக்கிறார்களா? டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. கொஞ்சமாகத் தேங்கிய சுத்தமான தண்ணீரிலேயே முட்டையிடும். மூலையில் தண்ணீரோடு நாள்கணக்கில் கிடக்கும் பக்கெட், ஏ.சி. தண்ணீர் சொட்டும் டப்பா, இவற்றை அங்கேயே கொட்டச் சொல்லுங்கள்.

மெத்தையின் மூலையைத் தூக்கித் தையல் ஓரத்தைப் பாருங்கள். செல்போன் டார்ச் போதும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறை வேண்டாம். அங்கே படுத்தால் அது உங்கள் பெட்டியில் ஏறி வீட்டுக்கே வந்துவிடும்!

நம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். உப்பு வியாபாரக் குடும்பங்களுக்கு ஓய்வு கிடைப்பதும் அப்போதுதான். பட்டணப் பயணமும் ஐப்பசி, கார்த்திகையில்தான். சென்னை தண்ணீரில் மிதக்கும் மாதங்களும் அவையே. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் தரைத்தள அறை வேண்டாம். முதல் மாடி, இரண்டாம் மாடி பாருங்கள். லிஃப்ட் இருந்தாலும் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து, பெரியவர்களை மூன்றாம் மாடிக்கு ஏற்றாதீர்கள்.

பசி

நம் பக்கத்தில் 'ஹோட்டல்' என்றால் சாப்பாட்டுக் கடை. தங்கும் இடத்திலேயே அல்லது நடக்கும் தூரத்தில் அப்படி ஒரு ஹோட்டல் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு இட்லி கிடைக்குமா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரம் தவறினால் மயக்கம் வரும். கைக்குழந்தை இருந்தால், நடுராத்திரியில் வெந்நீர் கிடைக்குமா என்பதும் முக்கியம்.

கணக்குப் பார்ப்போம்

ஓர் உதாரணம். ஆறு பேர், இரண்டு இரவு. தூரத்தில் ஒரு பெரிய அறை, நாளுக்கு 1,800 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,890. இரண்டு நாளுக்கு 3,780. போகவர இரண்டு ஆட்டோ, ஒரு நடைக்கு ஆட்டோவுக்கு 250 என்றால் நாளுக்கு 1,000. இரண்டு நாளுக்கு 2,000. ஆக மொத்தம் 5,780.

போக வேண்டிய இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு டபுள் ரூம், ஒன்று 1,300. வரியோடு நாளுக்கு 2,730. இரண்டு நாளுக்கு 5,460. ஆட்டோ இல்லை. கழிவறை இரண்டு. மதியம் வந்து படுக்கலாம். எது மலிவு?

வாடகை பேசும்போது வரியையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால், அதைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அறிவித்திருக்கிறது. மரியாதையாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

போனில் கேட்க வேண்டியவை

* 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், 12 மணிக் கணக்கில் ஐந்து மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை வாங்கிவிடலாம்.
* சொன்ன வாடகை வரியோடா, வரி இல்லாமலா?
* எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு? எந்த வயது வரை குழந்தைக்குக் காசு இல்லை?
* வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?
* எத்தனையாவது மாடி? லிஃப்ட், ஜெனரேட்டர் உண்டா?
* வர முடியாமல் போனால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

செல்போனில் முன்பதிவு செய்வதானால், நட்சத்திரக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். குறை சொல்லியிருப்பவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். "பையன் மரியாதை இல்லாம பேசினான்" என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். "பாத்ரூமில் தண்ணி வரல", "மூட்டைப்பூச்சி" என்றால் வேண்டாம்.

சாவி வாங்கும் முன் ஐந்து நிமிடம்

முதலில் அறையைப் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறம் பாருங்கள். ஃபிளஷ்ஷை இழுத்துப் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பெட்ஷீட், தலையணை உறை துவைத்ததா என்று முகர்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். காஸ் கெய்சர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் அந்த அறை வேண்டாம். மூடிய அறையில் அதன் நச்சுவாயு மணம்கூட இல்லாமல் மயக்கிவிடும். தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டு, பெரிய பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மறைத்த ஆதார்' கொடுக்கலாம்.

பையில் இவை இருக்கட்டும்

சீரகம், ஓமம், சுக்குத் தூள் சிறு பொட்டலங்களில். வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. மலச்சிக்கல் வழக்கமாக உள்ள பெரியவர்கள், தம் மருத்துவர் சொன்ன அளவில் கடுக்காய்த் தூள் அல்லது திரிபலா. கர்ப்பிணிகளுக்கு இவை வேண்டாம். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக. ஒரு மெல்லிய போர்வை, ஒரு சோப்பு, ஒரு துண்டு ஆளுக்கு ஒன்று.

காய்ச்சல், குளிர், சிறுநீரில் ரத்தம், தொடர் வாந்தி என்றால் கைமருந்தோடு நிறுத்தாதீர்கள். அந்த ஊரிலேயே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. பெட்டிகளோடு பெண்களை ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டு, ஆண்கள் மட்டும் மாடிக்குப் போய் அறையைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கி வருவதுதான் நம் வழக்கம். அதை மாற்றுங்கள். பெட்டிக்கு நீங்கள் காவல் இருங்கள். வீட்டுப் பெண்களை மேலே அனுப்புங்கள். பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் "சரி" என்று சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.